அணியைத் திரும்பக் கட்ட வரும் இளையோருக்கு: போடி மலையடிவாரத்திலிருந்து சில அறிவுரைகள்



உங்களில் சிலர் ஊர் அணிக்கு மேலாளர் ஆகியிருக்கிறீர்கள். சிலர் பயிற்சியாளர் சான்றிதழுக்குப் படிக்கிறீர்கள். ஒரு நாள் பெரிய கிளப்பில் ஆள் தேர்வுசெய்யும் மேசையில் உட்கார வேண்டும் என்ற ஆசை சிலருக்கு இருக்கிறது. ஆசை நல்லது. தோற்றுக் கிடக்கும் அணியை எடுத்து நிறுத்துவதுபோல நிறைவு தரும் வேலை விளையாட்டில் வேறில்லை. போடி மைதானத்திலும் மலை ஊர்களிலும் பிள்ளைகள் ஆடுவதைப் பல காலமாகப் பார்த்து வருகிறவன் நான். தமிழ்நாட்டுத் தொழில்முறை அணிகள் விழுந்ததையும் எழுந்ததையும் ஆர்வத்தோடு கவனித்தவன். அதிலிருந்து தேறியதைச் சொல்கிறேன்.

1. டிராஃப்ட் வேறு, ஏலம் வேறு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஏலத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏலக்காய் மாதிரியைக் கையில் கொட்டி, பச்சையும் பருமனும் பார்த்து, யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குச் சரக்குப் போகும். பணம் உள்ளவன் நல்ல காயைக் கொண்டுபோவான். டிராஃப்டில் அப்படி இல்லை. ஆளுக்குச் சம்பளம் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். அணிகள் முறை வைத்து, ஒரு சுற்றுக்கு ஒருவராக எடுக்கும். உங்கள் முறை வருவதற்குள் இன்னொருவர் எடுத்துவிட்டால், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் அந்த ஆள் உங்களுக்குக் கிடையாது.

அமெரிக்கக் கால்பந்து லீக்கில் இந்த முறை 1936இல் தொடங்கியது. யோசனை சொன்னவர் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் ஆளை எடுக்கும் உரிமை. தோற்றவனுக்கும் எழ ஒரு வழி இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நம் நாட்டில் இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியபோது 84 இந்திய ஆட்டக்காரர்களை 14 சுற்றுகளில் டிராஃப்ட் முறையில்தான் பிரித்தார்கள். 2017 ஜூலையில் மும்பையில் நடந்த டிராஃப்ட் இன்னும் பெரியது. அதன் பிறகு கிளப்புகள் நேரடி ஒப்பந்தத்துக்கு மாறிவிட்டன. முறை மாறினாலும், குறைந்த வாய்ப்பில் சரியான ஆளை எடுக்கும் கலை மாறவில்லை.

2. யாரை எடுப்பது என்பதற்கு முன், யாரை விடக்கூடாது என்று முடிவு செய்யுங்கள்.

தோற்ற அணியைக் கையில் வாங்கியவுடன் எல்லோரையும் அனுப்பிவிட்டுப் புதிதாகத் தொடங்கத் தோன்றும். அந்த அவசரம் வேண்டாம். இந்தியன் சூப்பர் லீக் அணியான சென்னையின் எஃப்.சி. கதையைப் பாருங்கள். 2015இல் கோப்பை வென்ற அணி, 2016இல் எட்டு அணிகளில் ஏழாவது இடத்துக்கு இறங்கியது. பயிற்சியாளர் மார்கோ மட்டராசி போய், இங்கிலாந்தின் ஜான் கிரகரி வந்தார். அப்போதும் மிசோரமின் ஜெஜெ லால்பெக்லுவாவையும் கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கையும் கிளப் விடவில்லை. இருபது வயதைத் தொடாத ஜெர்ரி லால்ரின்சுவாலாவையும் அனிருத் தாப்பாவையும் பத்திரமாக வைத்துக்கொண்டது. கோல் அடிக்கத் தெரிந்த ஒருவர், வலைக்கு முன் நம்பி நிறுத்த ஒருவர், பல ஆண்டு ஆடப்போகும் இரண்டு இளைஞர்கள். மற்றவை அந்த நால்வரைச் சுற்றி அமைந்தன.

தோல்விக்கு நடுவிலும் தலை குனியாமல் ஆடியவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவரைத் தக்கவைத்த பிறகு மற்றதை யோசியுங்கள்.

3. பட்டியலில் முதலில் இடத்தை எழுதுங்கள், பிறகு பெயரை எழுதுங்கள்.

டிராஃப்ட் நாளில் பதற்றம் பெரிது. முடிவெடுக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். அந்த நேரத்தில் பெயரைப் பார்த்து மயங்குகிறவர்கள், ஒரே இடத்தில் ஆடும் நான்கு பேரை எடுத்துக்கொண்டு இடது பின்களத்துக்கு ஆளில்லாமல் நிற்பார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று பேரை வரிசைப்படுத்தி எழுதிவையுங்கள். முதல் ஆள் போனால் இரண்டாம் ஆள், அவரும் போனால் மூன்றாமவர்.

2017 டிராஃப்டில் சென்னையின் எஃப்.சி. எடுத்தவர்களில் தோய் சிங், பிக்ரம்ஜித் சிங், தனபால் கணேஷ் மூவரும் இருந்தார்கள். நாடே கூவும் பெயர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கும் உழைப்பாளிகள் அந்த அணிக்குத் தேவைப்பட்டார்கள். 2018 மார்ச் 13 அன்று கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் சென்னை 3-0 என்று வென்றது. ஜெஜெ இரண்டு கோல் அடித்தார். மற்றொன்று சென்னையில் பிறந்து வளர்ந்த தனபால் கணேஷுடையது.

4. ஒரே ஒருவரை நம்பி ஒரு பருவத்தையே ஒப்படைக்காதீர்கள்.

இதற்குக் கபடியிலிருந்து ஒரு பாடம். தேனி மாவட்டத்தில் கபடி பார்க்காத கண் எது? தமிழ் தலைவாஸ் 2017இல் புரோ கபடி லீக்கில் சேர்ந்ததிலிருந்து அடிமட்டத்திலேயே உழன்றது. 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கொடுக்காத தொகை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே அணியில் நரேந்தர் என்ற புது இளைஞர் இருந்தார். தன் முதல் பருவத்திலேயே ரெய்டில் 243 புள்ளிகள் எடுத்தார். சாகர், சாஹில் குலியா போன்ற இளம் தடுப்பாட்டக்காரர்கள் தூணாக நின்றார்கள். பருவத்தின் நடுவில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் அஷன் குமார் அந்தப் பிள்ளைகளை நம்பினார். தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. புனேயிடம் 39-37 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. பெரிய பெயரை எடுப்பதில் தவறில்லை. அவர் இல்லாத நாளில் யார் ஆடுவார் என்ற கேள்விக்கு ஏலத்தன்றே விடை வைத்திருக்க வேண்டும்.

5. கடைசிச் சுற்றுகளில்தான் விழித்திருக்க வேண்டும்.

முதல் ஐந்து பேரை எல்லோரும் சரியாகத்தான் எடுப்பார்கள். அவர்களைப் பற்றிய தகவல் எல்லோரிடமும் இருக்கிறது. களைப்பு வந்து, டீ குடிக்க எழுந்துபோகும் நேரத்தில்தான் நல்ல ஆட்கள் நழுவுவார்கள். அமெரிக்க லீக்கில் 2000ஆம் ஆண்டு ஆறாவது சுற்றில், 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் டாம் பிராடி. பிறகு ஏழு முறை சாம்பியன் ஆனார். 1936இல் முதன்முதலாகப் பெயர் வாசிக்கப்பட்ட ஜே பெர்வாங்கரோ அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. வரிசை எண்ணை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருப்பவர் ஆடியதையும் நேரில் போய்ப் பார்த்திருங்கள்.

6. பிறர் வேண்டாம் என்றவரை ஏன் விட்டார்கள் என்று விசாரியுங்கள்.

மிசோரமின் ஐசால் எஃப்.சி. 2016-17இல் ஐ-லீக் கால்பந்துப் பட்டம் வென்றது. அதற்கு முந்தைய பருவத்தில் தரமிறக்கத்துக்கே ஆளான அணி அது. பயிற்சியாளர் காலித் ஜமீலை மும்பை எஃப்.சி. விலக்கியிருந்தது. அவரோடு ஜெயேஷ் ரானே, ஆஷுதோஷ் மேத்தா முதலியோரும் மும்பையிலிருந்து வந்தார்கள். அவர்கள் மிசோரம் பிள்ளைகளோடு சேர்ந்து கொல்கத்தா ஜாம்பவான்களைப் பின்தள்ளினார்கள். ஓர் ஆட்டக்காரர் ஓரிடத்தில் சோபிக்காததற்குக் காரணம் பல இருக்கும்: தவறான இடத்தில் ஆடவைத்திருக்கலாம், காயம் ஆறுமுன் இறக்கியிருக்கலாம், பயிற்சியாளரோடு ஒத்துப்போகாதிருக்கலாம். இவை சரிசெய்யக்கூடியவை. உழைக்க மனமில்லாததை மட்டும் உங்களால் சரிசெய்ய முடியாது. இந்த வித்தியாசத்தை அவருடைய பழைய தோழர்களிடமும் மைதான ஊழியரிடமும் கேட்டாலே தெரிந்துவிடும்.

7. பக்கத்தில் ஆடும் பிள்ளையைப் பாருங்கள்.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கோவையைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2018-19 ஐ-லீக் பட்டத்தை ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து வென்றது. வெளிநாட்டு ஆட்டக்காரர் பெட்ரோ மான்சி கோல்களாகக் குவித்தார். ஆனால் அவரோடு ஓடியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர். அதே அணியில் முன்பு ஆடி வளர்ந்த மைக்கேல் சூசைராஜ் கன்னியாகுமரிக் கடலோர ஊர்க்காரர். ஜெஜெயும் ஜெர்ரியும் வந்த மிசோரமோ முழுக்க மலை. கடற்கரை மணலும் மலைச் சரிவும் ஆட்டக்காரரைத் தரும் என்றால், குரங்கணியும் கொட்டகுடியும் முந்தலும் ஏன் தராது?

தராததற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, நேரமும் வழியும் இல்லாததுதான். இங்கே விடியுமுன் ஜீப்புகள் போடிமெட்டு ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகின்றன. அம்மா திரும்பும்வரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, சாயங்காலம் நான்கு மணிப் பயிற்சிக்கு வர மாட்டான். காய் எடுக்கும் பருவத்தில் பெரிய பையன்கள் தாங்களே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வராதவனை ஒழுக்கமில்லாதவன் என்று முத்திரை குத்தாதீர்கள். ஜீப் திரும்பும் நேரத்தைக் கேட்டு உங்கள் பயிற்சி நேரத்தை வையுங்கள். தேர்வு ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கி, வீடு திரும்பத் துணையும் ஏற்பாடு செய்யுங்கள்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு நடக்கும் தேர்வுகளைப் பற்றி மலை ஊர்ப் பள்ளிகளில் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வயதுக்கான ஆதாரம் இல்லாமல் எந்த வயதுப் பிரிவிலும் ஆட முடியாது. 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்து சென்னைக்கு நேராக ரயில் இருக்கிறது. தேர்வுக்குப் போக வழியில்லை என்ற குறையில் பாதி தீர்ந்தது. மீதிப் பாதி உங்கள் பொறுப்பு.

8. இளைஞர்களுக்கு நடுவில் சொல்லித்தரும் மூத்தவரை நிறுத்துங்கள்.

இளமையை மட்டும் திரட்டினால் வேகம் இருக்கும், நிதானம் இருக்காது. 2017-18 சென்னையின் அணியில் ஸ்பெயினின் இனிகோ கால்டெரோனுக்கு வயது 35க்கு மேல். போர்ச்சுகலின் என்ரிகே செரெனோ தலைவர். பிரேசிலின் மெயில்சன் ஆல்வெஸ் பின்களத்தில். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இறுதி ஆட்டம். பட்டியலில் முதலிடம் பிடித்த பெங்களூரு, ஒன்பதாம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரியின் கோலால் முன்னேறியது. கூட்டம் முழுக்க எதிரணிக்கு. சென்னை கலங்கவில்லை. மெயில்சன் தலையால் இரண்டு கோல் போட்டார். ரஃபேல் அகஸ்தோ மூன்றாவதை அடித்தார். 3-2. ஏழாவது இடத்திலிருந்த அணி ஒரே பருவத்தில் கோப்பையைத் தூக்கியது. மூத்தவரை எடுக்கும்போது அவர் எத்தனை கோல் அடித்தார் என்பதோடு, பக்கத்தில் நிற்கும் பையனிடம் பேசுகிறாரா என்றும் பாருங்கள்.

9. வென்ற பிறகுதான் உண்மையான சோதனை.

அதே சென்னையின் எஃப்.சி. அடுத்த பருவத்தில், 2018-19இல், பத்து அணிகளில் பத்தாவது. பதினெட்டு ஆட்டங்களில் வென்றது இரண்டு. மொத்தம் ஒன்பது புள்ளிகள். ஒரு கோப்பை என்பது அணி கட்டி முடிந்துவிட்டதற்கு அத்தாட்சி அல்ல. காயம் வரும், வயது ஏறும், உங்கள் ஆட்டத்தை எதிரணி படித்துவிடும். வென்ற வாரமே அடுத்த ஆண்டுக்கான இரண்டு இளைஞர்களைத் தேடத் தொடங்குங்கள்.

10. பொறுமையைத் திட்டமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அமெரிக்க லீக்கின் டல்லாஸ் கவ்பாய்ஸ் 1989இல் பதினாறு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்றது. அந்தப் பருவத்தின் நடுவிலேயே தங்கள் சிறந்த ஆட்டக்காரர் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, வரும் ஆண்டுகளின் டிராஃப்ட் வாய்ப்புகளைக் குவித்துக்கொண்டார்கள். ஊரே ஏசியது. 1992 பருவத்தில் சாம்பியன். அடுத்த ஆண்டும் சாம்பியன். உரிமையாளரும் பயிற்சியாளரும் ஒரே திட்டத்தில் நின்றதால் அது முடிந்தது. ஆகவே பொறுப்பேற்கும் நாளிலேயே எத்தனை ஆண்டு அவகாசம், எந்த ஆண்டு எந்த இலக்கு என்று எழுத்தில் பேசிவிடுங்கள். வாய்ச் சொல்லாகக் கிடைத்த பொறுமை மூன்று தோல்விக்குத் தாங்காது.

11. எடுக்கப்படுபவர் ஒருவரின் பிள்ளை.

டிராஃப்டில் ஓர் ஆட்டக்காரருக்குத் தன் ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அந்த முறையின் பெரிய குறை இது. மொழி தெரியாத ஊருக்குப் பத்தொன்பது வயதில் வந்து நிற்பான். அவனுக்குப் பிடித்த சாப்பாடு, வீட்டுக்குப் பேச நேரம், காயத்துக்குக் காப்பீடு, விட்ட படிப்பைத் தொடர வழி, ஒப்பந்தத்தை அவன் மொழியில் விளக்க ஓர் ஆள் ஆகியவற்றைக் கொடுங்கள். ஊர் அணியானாலும் இதே கடமை உண்டு. கால் உடைந்த பையனை மருத்துவமனையில் விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு ஆள் தேடும் அணி, எத்தனை கோப்பை வைத்திருந்தாலும் அணி அல்ல.

ஆளை எடுப்பது ஒரு நாள் வேலை. எடுத்தவரை ஆளாக்குவது பல ஆண்டு வேலை. அணியைக் கட்டுவது என்பது அந்த இரண்டாவது வேலைதான். அடுத்த ஞாயிறு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மலை ஏறுங்கள். ஆடும் பிள்ளைகளின் பெயர், வயது, ஆடும் இடம், பயிற்சிக்கு வர முடிந்த நேரம், இவ்வளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் முதல் டிராஃப்ட் பட்டியல் அதுவாக இருக்கட்டும்.