ஹாக்கி ஆடும் தங்கைக்கு எந்தக் கல்லூரி?

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு விஞ்ஞானம் படிக்க வந்திருக்கும் என்னிடம், ஹாக்கி ஆடும் ஊர்த் தங்கைமார் சிலர், எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கல்லூரிக்குப் போனதும் கண்ணாடி அலமாரியிலுள்ள கோப்பைகளைக் காட்டுவார்கள். அவற்றை வென்றவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது தரையை. புல் தரையில் பந்து துள்ளும். உராய்வினால் வேகம் குன்றும். நீர் தெளித்த செயற்கைத் தளத்திலோ உராய்வு குறைந்து பந்து வழுக்கி விரையும். குனியும் அளவும், பந்தை நிறுத்தும் விதமும் மாறிவிடுகின்றன. 1976-ல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் ஆடினார்கள். 1928 முதல் பதக்கம் தவறாத நம் ஆடவர் அணி அங்கே ஏழாமிடத்துக்கு இறங்கிற்று. தளம் ஒன்றே காரணமன்று. ஆயினும் பழகாத தளம் பெரிய இடையூறுதான்.

கொல்லம் ஆசிராமத்தில் அத்தகைய தளம் இருக்கிறது. 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி ஆட்டங்கள் அங்கு நடந்தன. ஆனால் இந்நகரிலிருந்து அது சுமார் 65 கிலோமீட்டர்! ஆகவே, ‘தளம் உண்டு’ என்று சொன்னால், எங்கே, வாரம் எத்தனை நாள், போக்குவரத்துச் செலவு யாருடையது என்று கேளுங்கள்.

அடுத்தது பாடம். விளையாட்டையே தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்குக் காரியவட்டத்தில் 1985-ல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. இயற்பியலோ வேதியியலோ வேண்டுமென்றால் வழுதக்காட்டு அரசு மகளிர் கல்லூரி போன்றவற்றை நாட வேண்டும். விஞ்ஞான மாணவிக்குத்தான் சிக்கல் அதிகம். ஆய்வுக்கூட வகுப்பு மாலைவரை நீளும். மைதானமும் மாலையில்தான் அழைக்கும். பட்ட வகுப்பில் என் தோழி ஒருத்தி வெளியூர்ப் போட்டிக்குப் போய் வந்தாள். விடுபட்ட சோதனைகளைச் செய்ய அவளுக்கு ஆய்வுக்கூடம் திறக்கப்படவில்லை. மூன்றாம் ஆண்டில் மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டாள். எங்கள் அணியில் அவளைப்போல் ஓடியவர் எவருமில்லை. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம்.

எனவே, போட்டி நாட்களுக்கு வருகைப் பதிவு உண்டா என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். பிறகு, முதல்வரின் அறையை விட்டு வெளியே வந்து, விஞ்ஞானம் படிக்கும் மூன்றாம் ஆண்டு ஆட்டக்காரி ஒருத்தியைத் தேடிப் பிடியுங்கள். “அக்கா, ரெக்கார்டு நோட்டு முடிந்ததா?” என்று கேளுங்கள். கோல் காப்பவராயின், காலுறைக் கவசமும் தலைக்கவசமும் கல்லூரி தருகிறதா என்றும், பயிற்சி முடிந்து இருட்டியபின் வருவோருக்கு விடுதியில் சோறு எடுத்து வைப்பார்களா என்றும் அவளிடமே விசாரியுங்கள்.