நாட்காட்டியும் ஒரு பரிசோதனைதான்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஹார்மோன்கள் பாடம் முடிந்து, அடுத்த பாடத்தில் மாதவிடாய் சுழற்சியை நடத்திக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் ஒரு மாணவி தயங்கியபடி மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், எங்கம்மாவுக்கு ரெண்டு மாசம் வரல. இப்ப வந்தது பத்து நாளாகியும் நிக்கல. கர்ப்பப்பைய எடுத்துட்டா நல்லதுன்னு பக்கத்து வீட்டு அத்தை சொல்றாங்க. ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா நிக்கப் போகுதான்னு தெரிஞ்சிடுமா?"

அம்மாவுக்கு 43 வயது. வீரசோழன் பக்கத்துக் கிராமம். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை. அந்தக் கேள்விக்கு உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்தும் மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை, இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களோடும், அதே வயதில் இருக்கும் ஆசிரியைகளோடும் பகிர்கிறேன்.

நிற்பதும் நிற்கத் தொடங்குவதும்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டது என்கிறோம். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நடக்கிறது. ஆனால் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. அதற்கு முன் சில ஆண்டுகள் சுழற்சி தடுமாறும். இதைத்தான் மருத்துவர்கள் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். நாம் மாறுபருவம் என்று சொல்லலாம்.

திடீரென முகத்திலும் கழுத்திலும் சூடு ஏறுதல், இரவில் வியர்த்து விழிப்பு வருதல், தூக்கமின்மை, எரிச்சல், மறதி, மூட்டுவலி ஆகியவை இதன் அறிகுறிகள். கரிமூட்டத்தருகே நிற்பவருக்கு உடம்பு சூடாவது இயல்புதானே என்று தோன்றும். வேலை முடிந்து குளித்துப் படுத்த பிறகும், நள்ளிரவில் சேலை நனையும்படி வியர்த்தால் அது வெயிலின் சூடு அல்ல.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டதால்தான் இப்படி ஆகிறது என்று நம் ஊர்களில் பேசுவார்கள். அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். அண்டகம் வழக்கம்போல் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

ஒரு நாள் ரத்தம் ஏன் போதாது?

இதை வகுப்பில் விளக்க நம் ஊர்க் கிணறே போதும். கிணற்றில் தண்ணீர் குறையக் குறைய மோட்டாரை அதிக நேரம் ஓட்டுகிறோம். இடையில் ஒரு மழை பெய்து ஊற்று சுரந்தால் ஓட்டும் நேரம் குறைகிறது. மறுபடி வற்றினால் மறுபடி கூடுகிறது.

அண்டகம்தான் கிணறு. பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன்தான் மோட்டார். அண்டகம் தரும் ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எஃப்.எஸ்.எச். கூடும், ஈஸ்ட்ரோஜன் கூடினால் எஃப்.எஸ்.எச். குறையும். எதிர்மறைப் பின்னூட்டம் என்று நாம் நடத்துவது இதைத்தான். மாறுபருவத்தில் அண்டகம் ஒரு மாதம் சுரந்து, ஒரு மாதம் வற்றி, மறுபடி சுரக்கும். அதனால் எஃப்.எஸ்.எச். அளவும் ஏறி இறங்கும். ஒரு நாள் எடுத்த ரத்தத்தில் அளவு இயல்பாக இருப்பதால் மாறுபருவம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் கூடியிருப்பதால் இனி வராது என்றும் சொல்ல முடியாது.

எனக்கே இது நடந்தது. தூக்கம் கெட்டு, வகுப்பில் காரணமில்லாமல் கோபம் வந்தபோது, ஒரு தனியார் லேபில் நானாகவே பணம் கட்டி ஹார்மோன் பரிசோதனை செய்தேன். எல்லாம் நார்மல் என்று வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு முறைதான் மாதவிடாய் வந்தது.

பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2015 முதல் இதையே சொல்கிறது. 45 வயதைக் கடந்தவருக்கு அறிகுறிகளும் மாதவிடாய் மாற்றமுமே போதும், எஃப்.எஸ்.எச். பரிசோதனை தேவையில்லை. 40 முதல் 45 வரை மருத்துவர் தேவையென்று கருதினால் எடுக்கலாம். 40 வயதுக்கு முன்பே நிற்பதுபோல் தெரிந்தால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் 4 முதல் 6 வார இடைவெளியில் இருமுறை எடுத்தே முடிவு செய்கிறார்கள். கருத்தடை ஹார்மோன் மாத்திரை எடுப்பவருக்கு இந்த அளவு சரியாகக் காட்டாது.

நாட்காட்டி சொல்லும் கணக்கு

2011இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த அளவுகோல் மிக எளிமையானது. அடுத்தடுத்த இரு சுழற்சிகளின் நீளம் 7 நாளோ அதற்கு மேலோ வேறுபட்டு, அது பத்து சுழற்சிகளுக்குள் மீண்டும் நிகழ்ந்தால் மாறுபருவம் தொடங்கிவிட்டது. 60 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்தால் பிற்பகுதிக்கு வந்தாயிற்று. அதன்பின் கடைசி மாதவிடாய்க்குப் பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டுகள்.

இதை வகுப்பில் கழித்தல் கணக்காகவே தரலாம். மாதவிடாய் தொடங்கிய நாள்கள் ஜனவரி 5, பிப்ரவரி 2, மார்ச் 11, ஏப்ரல் 4, மே 14 என்று எழுதிப்போடுங்கள். சுழற்சிகள் 28, 37, 24, 40 நாள்கள். வேறுபாடு 9, 13, 16. விடையை மாணவர்களே சொல்வார்கள். கற்பனைத் தேதிகளையே கொடுங்கள். வீட்டில் கேட்டு வரச் சொல்லாதீர்கள், அது அவரவர் அந்தரங்கம்.

வீட்டில் தினசரி காலண்டரில் ஒரு புள்ளி வைத்தால் போதும். கோயில் திருவிழாவுக்காக மாத்திரை போட்டுத் தள்ளிப்போட்ட மாதத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எடுக்க வேண்டிய பரிசோதனைகள்

ஹார்மோன் பரிசோதனை வேண்டியதில்லை என்றால் ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று பொருளல்ல. இதே அறிகுறிகளோடு வேறு நோய்களும் வரும். களைப்புக்கு ரத்தசோகை காரணமாக இருக்கலாம். சூடு, படபடப்பு, சுழற்சி மாற்றம் தைராய்டாலும் வரலாம். ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். தைராய்டுக்கு மருத்துவர் எழுதித் தருவார். நாள் தள்ளினால் முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். மாறுபருவத்திலும் கருத்தரிக்க வாய்ப்புண்டு.

நாப்கினோ துணியோ ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைந்துபோவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, பெரிய கட்டிகளாகப் போவது, இடையில் ரத்தம் படுவது ஆகியவற்றை 'நிக்கிற வயசு' என்று ஒதுக்கக் கூடாது. 12 மாதம் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதே நேரம், உதிரப்போக்கு என்றாலே கர்ப்பப்பையை எடுப்பது தீர்வல்ல. ஸ்கேன், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை, மாத்திரைகள், ஹார்மோன் உள்ள கருப்பை வளையம் என்று படிப்படியான வழிகள் உள்ளன. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கம் குறித்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் பின்பற்ற உத்தரவிட்டது. அந்த அளவுக்கு நாடு முழுவதும் ஏழைப் பெண்களுக்கு இது நடந்திருக்கிறது.

மாணவியின் அம்மாவுக்கு நான் சொன்னது இரண்டே: தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள், அதை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போனார். ரத்தசோகை இருந்தது. ஸ்கேன் எடுத்து, இரும்புச்சத்து மாத்திரையும் உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசிரியைகளின் கழிப்பறையில் தண்ணீரும், வகுப்பில் ஓடும் மின்விசிறியும், தேவைப்படும்போது ஐந்து நிமிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு சக ஆசிரியரும் இருந்தாலே பாதிப் பாரம் குறையும். இந்தப் பாடத்தை ஆண் ஆசிரியர்களும் தயங்காமல் நடத்தட்டும். கேட்கும் மாணவர்களின் வீட்டிலும் ஓர் அம்மா இருக்கிறார்.