மண்கலத்தில் வாழும் பறவைகள்

எழுத்தறியாத மக்களுக்கு வரலாறு உண்டா? உண்டு என்று சொல்கின்றன நாஸ்கா மண்கலங்கள்.

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் தென்கரையில் நாஸ்கா என்னும் பாலைநிலம் உள்ளது. அங்கே மழை மிக அரிது. மலையிலிருந்து இறங்கிவரும் சிற்றாறுகளை நம்பி, ஏறத்தாழ கி.மு. 100 முதல் கி.பி. 700 வரை ஒரு மக்களினம் அங்கு வாழ்ந்தது. அவர்களிடம் எழுத்து இல்லை; குயவர் சக்கரமும் இல்லை. கையாலேயே மண்ணைத் திரித்து, அடுக்கிக் கலம் வனைந்தனர்.

அவர்களுக்கு முன்னிருந்த பராக்காஸ் மக்கள், கலத்தைச் சுட்ட பின்னரே வண்ணம் தீட்டினர். அது எளிதில் உதிர்ந்தது. நாஸ்கா மக்களோ கனிமப் பொடிகளைக் களிமண் குழம்பில் கலந்து தீட்டி, மெருகேற்றி, அதன் பின்னரே சுட்டனர். ஆகவே வண்ணம் கலத்தோடு ஒன்றிவிட்டது. பத்துக்கும் மேற்பட்ட வண்ணங்களை அவர்கள் கையாண்டனர் என்பது வியப்பன்றோ!

இக்கலங்களில் எத்தனை பறவைகள்! அந்தரத்தில் நின்றபடியே பூவில் அலகை நுழைத்துத் தேன் உண்ணும் ஹம்மிங் பறவை ஒருபுறம். மீனைக் கவ்விய கடற்பறவை மறுபுறம். இவற்றோடு, வெட்டுண்ட மனிதத் தலைகளைக் கவ்விய கொடும்பறவை ஒன்றும் உண்டு. காண்டார் முதலிய பெரும்பறவைகளின் உருவைக் கொண்டு அதைப் படைத்தனர். நீரையும் விளைச்சலையும் வேண்டியே இத்தகைய உருவங்களைத் தீட்டினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. அதே மக்கள் பாலைநிலத்தில் 90 மீட்டருக்கும் மேல் நீளமாக வரைந்த ஹம்மிங் பறவையை இன்றும் காணலாம்.

இக்கலங்கள் சில ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் முன்பே இருந்தன. ஆனால் அவை எவ்விடத்தவை என்பது விளங்கவில்லை. 1901-ஆம் ஆண்டில் மாக்ஸ் ஊலே என்னும் ஜெர்மானிய அறிஞர், இக்கா பள்ளத்தாக்கின் பழங்கல்லறைகளில் அவற்றைக் கண்டெடுத்த பின்னரே அவற்றின் பிறப்பிடம் தெளிவாயிற்று.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. திருடர்கள் கல்லறைகளைத் தோண்டிக் கலங்களை விற்றுவிட்டனர். கலம் பிழைத்தது, ஆனால் அது யாருடன், எதற்கு அருகில், எந்த நிலையில் வைக்கப்பட்டது என்ற செய்தி அழிந்தது. எழுத்தில்லாத மக்களுக்கு அந்த இடமே ஏடு. அதைக் கலைத்தால் மீண்டும் எழுத இயலாது.

ஆகவே தோழியரே, மண்ணில் பழம்பொருள் எதையேனும் கண்டால் எடுத்துச் செல்லாதீர்கள். கண்ட இடத்திலேயே விட்டு, அறிந்தவரிடம் சொல்லுங்கள். மறைந்த மக்களுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.