புது எஸ்.எஸ்.டி. கண்ணில் படவில்லையா?

பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்வது நம் சங்கத்து வீடுகளில் இப்போது பரவலாகிவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் மாட்டி முடித்து விண்டோஸைத் திறந்தால் புது டிரைவையே காணோம் என்று சிலர் என்னிடம் வந்தார்கள். ஓர் அன்பரிடம் கடைக்காரர், "பீஸ் போச்சு, வேறு வாங்குங்கள்" என்றாராம். அவசரம் வேண்டாம்.

ரயில்வேயில் சிக்னல் எரியாவிட்டால், மின்சாரம் எதுவரை வந்து நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கும் அதே முறை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போங்கள். சில தயாரிப்புகளில் விசை வேறாக இருக்கும். அங்கே டிரைவின் பெயர் இருக்கிறதா?

இல்லையென்றால் இணைப்பைச் சந்தேகியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாட்டா டிரைவானால் இரண்டு கேபிள்களையும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். பட்டை போன்ற எம்.2 டிரைவில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே உருவத்தில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு வகை. என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கும் இடத்தில் சாட்டா வகை பொருந்தி உட்காரும், வேலை செய்யாது! மதர்போர்டுடன் வந்த புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. பதில் அதில்தான் இருக்கிறது.

பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால் பெரும்பாலும் டிரைவில் குறையில்லை. நிலம் இருக்கிறது, இன்னும் தண்டவாளம் போடவில்லை, அவ்வளவே. ஸ்டார்ட் பட்டன்மேல் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கேட்கும். ஜி.பி.டி. என்பதைத் தேர்ந்தெடுங்கள், எம்.பி.ஆர். முறை 2 டி.பி.க்கு மேல் செல்லாது. பிறகு 'அன்அலகேட்டட்' என்ற பகுதியில் வலது கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், என்.டி.எஃப்.எஸ். முடிந்தது.

கை நிதானிக்க வேண்டிய இடமும் இதுதான். பழைய டிரைவும் அதே பட்டியலில் இருக்கும். ஊர்க் கல்யாணப் படங்களும் காலமான பெரியவர்களின் குரல் பதிவும் அதில் இருக்கலாம். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்ணை நம்பாமல் கொள்ளளவை வைத்து அடையாளம் காணுங்கள். முடிந்தால் வேண்டியவற்றை முதலில் வேறிடத்தில் நகல் எடுங்கள். முன்பே உபயோகித்த டிரைவை மாட்டியிருந்தால், இனிஷியலைஸ் என்று கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருப்பது கைவிட்டுப் போகலாம். பாகம் இருந்து எழுத்து மட்டும் இல்லையென்றால் 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' போதும்.

500 ஜி.பி. வாங்கியது 465 என்று காட்டும். தயாரிப்பாளர் 1000 கணக்கு, விண்டோஸ் 1024 கணக்கு. கடையில் போய்ச் சண்டை போட வேண்டாம்.