கடல் தாண்டும் பேனா: இதழியல் மாணவர்களும் வெளிநாட்டு உதவித்தொகையும்



வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நமக்கு டாக்டர், இஞ்சினியர், கம்ப்யூட்டர் இவைதான் ஞாபகத்துக்கு வரும். பத்திரிகைத் தொழிலைப் படிக்கவும் ஒருவர் கடல் தாண்டிப் போவாரா, அதற்கும் யாராவது பணம் கொடுப்பார்களா என்று கேட்டால், போகிறார்கள், கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 1908-லேயே இதழியலுக்கு என்று தனிப்பள்ளி தொடங்கிவிட்டது. நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி, புலிட்சர் என்ற பத்திரிகை அதிபர் எழுதி வைத்த பணத்தில் 1912-ல் திறக்கப்பட்டது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் 1947-ல் வந்தது.

"எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படிக்கிற உனக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று இந்தக் கட்டுரையின் தலைப்பைப் பார்த்த நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். எங்க ஊர் கோடியக்கரை. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது நான் சின்னப் பையன். அதற்குப் பிறகு கார்களில் நிருபர்கள் வந்தார்கள். ஒருத்தர் எங்க ஊரையும் பக்கத்திலுள்ள கோடியக்காட்டையும் ஒன்றாக்கி எழுதிக்கொண்டார். உப்பளத்தில் வேலை செய்கிற எங்க அப்பாவிடம், "படகு போச்சா?" என்று கேட்டார். அவர் மேல் குற்றமில்லை, வெளியூர்க்காரர். ஆனால் நம் ஊரிலிருந்து படித்து, நம் கடலையும் உப்பையும் தெரிந்து, நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதுகிற ஒருத்தர் ஏன் இல்லை என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு யோசனை. அப்படி ஒருத்தர் உருவாக வழி இருக்கிறதா என்று தேடியபோது கிடைத்ததைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு மனிதரைப் பார்ப்போம். இந்தியாவின் ஜனாதிபதியாக 1997 முதல் 2002 வரை இருந்த கே.ஆர். நாராயணன். அவர் ஒரு காலத்தில் பத்திரிகை நிருபர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேரளாவில் உழவூர் என்ற கிராமத்தில், தலித் குடும்பத்தில், ஏழு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவர். அப்பா நாட்டு வைத்தியர். தினமும் வயல் வரப்பில் 15 கிலோமீட்டர் அளவுக்கு நடந்து பள்ளிக்கூடம் போனவர். ஃபீஸ் பாக்கி என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டால், வெளியே நின்றபடியே பாடத்தைக் கேட்பாராம். புத்தகம் வாங்கக் காசில்லாததால் அண்ணன் மற்ற பிள்ளைகளிடம் புத்தகம் கடன் வாங்கிக் கையால் நகல் எடுத்துக் கொடுத்தார். அப்படிப் படித்துத் திருவாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார்.

அப்புறம் 1944, 1945 ஆண்டுகளில் 'தி இந்து', 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 1945 ஏப்ரல் 10-ந் தேதி பம்பாயில் காந்தியடிகளைப் பேட்டி கண்டார். அதே வருடம் டாடா உதவித்தொகை பெற்று லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். உலகப்போர் அப்போதுதான் முடிந்திருந்தது. அங்கே ஹெரால்ட் லாஸ்கி என்ற பெரிய பேராசிரியரிடம் அரசியல் படித்தார். படித்துக்கொண்டே, கே.எம். முன்ஷி நடத்திய 'சோஷியல் வெல்ஃபேர்' வார இதழுக்கு லண்டன் நிருபராகவும் எழுதினார். உதவித்தொகை வந்த பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை, பாருங்கள். அவரோடு ஒரே இடத்தில் தங்கியிருந்தவர்களில் ஒருவர் வீராசாமி ரிங்காடு. மொரீஷியஸ் நாடு குடியரசானபோது அதன் முதல் ஜனாதிபதி ஆனவர். இரண்டு நாட்டு ஜனாதிபதிகள் மாணவர்களாக ஒரே குடித்தனத்தில் இருந்திருக்கிறார்கள்! 1948-ல் நாராயணன் ஊர் திரும்பும்போது நேருவுக்கு ஒரு அறிமுகக் கடிதத்தை லாஸ்கி எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடமே வெளியுறவுத்துறையில் வேலை.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவோம். ஆனால் கைதட்டி முடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த மூன்று வருடம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது?

இதற்குப் பதில் நம்ம தஞ்சைச் சீமையிலேயே இருக்கிறது. கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் இதழியல் மாணவர் அல்ல. ஆனாலும் உதவித்தொகையின் உள்கணக்கு அவருடைய விஷயத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருடத்துக்கு 250 பவுண்டு கொடுத்து 1914-ல் இங்கிலாந்துக்கு அனுப்பியது. அந்த 250-ல் 50 பவுண்டு கும்பகோணத்தில் இருந்த குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே டிரினிட்டி கல்லூரி தனியாக 60 பவுண்டு கொடுத்தது. நூறு வருடத்துக்கு முன்னாலேயே, படிக்கப் போகிறவனுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கு இருக்கிற பெரிய உதவித்தொகைகளில், வீட்டிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு என்று தனியாக ஒரு பங்கு ஒதுக்குவதை நான் பார்க்கவில்லை. மிச்சம் பிடித்து அனுப்பினால் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1913-ல் பரோடா மன்னர் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில் கொலம்பியா போனார். பிறகு லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து சாதி காரணமாக விரட்டினார்கள். அவ்வளவு படித்தவருக்கே அந்த நிலைமை! அப்புறம் பம்பாயில் பேராசிரியராக வேலை பார்த்து, 1920 ஜனவரி 31-ல் 'மூக்நாயக்' என்ற மராத்திப் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்குக் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். அதே வருடம் சேமிப்பும் கடனுமாகச் சேர்த்துக்கொண்டு மறுபடி லண்டன் போய் விட்ட படிப்பை முடித்தார். உதவித்தொகை எத்தனை மாதத்துக்கு, அது முடிந்த பிறகு என்ன நிபந்தனை என்று முதலிலேயே படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சரி, இப்போது என்னென்ன இருக்கின்றன?

பிரிட்டிஷ் அரசு 1983 முதல் கொடுத்து வருவது செவனிங். ஒரு வருட முதுகலைப் படிப்பு. கல்லூரிக் கட்டணம், மாதச் செலவு, விமானச் செலவு எல்லாம் அவர்களே. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் போன்ற நாடுகளில் ஏற்கெனவே வேலை பார்க்கும் பத்திரிகையாளர்களுக்கு இதே பெயரில் சில வாரப் பயிற்சி ஒன்றும் தனியாக உண்டு. ஃபுல்பிரைட் அமெரிக்காவுடையது. 1950-ல் இந்தியாவோடு ஒப்பந்தம் ஆயிற்று. 2008 முதல் செலவில் இந்திய அரசும் பங்கு கொடுப்பதால் ஃபுல்பிரைட்-நேரு என்று பெயர். இதன் முதுகலைப் பிரிவுக்கு மூன்று வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ். இதில் இதழியலுக்கென்றே இரண்டு வருட முதுகலைப் படிப்பு 2005-ல் தொடங்கியது. முதல் வருடம் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரம், இரண்டாம் வருடம் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகம். பல தேசத்து நிருபர்கள் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். உதவித்தொகை கிடைத்தவர்களுக்குக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ. ஜெர்மனியில் பான் நகரத்தில் டாய்ச்ச வெல்லே நடத்தும் படிப்பும் உண்டு. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணமே இல்லை என்று சொல்லி நிறையப் பேர் ஆசை காட்டுவார்கள். ஆனால் உதவித்தொகை இல்லாமல் போனால், ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. இது 2024 செப்டம்பரிலிருந்து உள்ள கணக்கு. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல்!

நண்பர்களே, இங்கேதான் கால் இடறுகிறது. கட்டணத்தில் பாதித் தள்ளுபடி என்று ஒரு கடிதம் வந்தால் அதையும் 'ஸ்காலர்ஷிப்' என்கிறார்கள், முழுச் செலவும் கொடுத்தால் அதையும் 'ஸ்காலர்ஷிப்' என்கிறார்கள். 1892-ல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை கொடுப்பதற்குக் கடன் உதவித்தொகை என்று பெயர், திருப்பிக் கட்ட வேண்டும். அவர்களாவது பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள். பாதித் தள்ளுபடியில் இங்கிலாந்து போகிறவர், மீதிக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் தன் வங்கிக் கணக்கில் 28 நாள் குறையாமல் இருந்ததாகக் காட்ட வேண்டும். எங்க ஊரில் அவ்வளவு பணம் 28 நாள் சும்மா கிடக்கிற கணக்கு யாரிடமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் அந்த அரைத் தள்ளுபடி யாருக்கு உதவுகிறதென்றால், மீதி அரையைக் கட்ட முடிந்தவருக்குத்தான்.

முழு உதவித்தொகையிலும் முன்பணம் இல்லாமல் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பதினேழு, பதினெட்டாயிரம். உதவித்தொகை பிறகு வரும், இதெல்லாம் இப்போதே கையிலிருந்து போகும். உப்பளத்தில் மழை விழுந்தால் வேலை நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எங்க வீட்டில் கூலி என்ற பேச்சே இருக்காது. செவனிங் மாதிரி விண்ணப்பங்களின் கடைசித் தேதியும் அந்த மழைக்காலத்தை ஒட்டித்தான் வருகிறது. யாரும் வேண்டுமென்று வைத்த தேதி இல்லை, ஆனாலும் அப்படி அமைந்திருக்கிறது.

நம் அரசாங்கங்கள் கொடுப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55-ல் தொடங்கியது. ஆதிதிராவிடர், சீர்மரபினர், நிலமில்லாத விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைவினைஞர் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், 60 சதவீத மதிப்பெண் வேண்டும். மொத்தம் 125 இடம். அதில் நிலமில்லாத கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் சேர்த்து வெறும் 4. நம் காவிரிக்கரையில் மட்டும் எத்தனை கூலி வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 2022-ல் ஒரு விதி சேர்த்தார்கள்: இந்தியாவின் பண்பாடு, வரலாறு, சமூகம் சம்பந்தப்பட்ட ஆய்வுத் தலைப்புகளுக்கு இது கிடையாது. நம் சமூகத்தைப் பற்றி எழுதுவதற்காகவே படிக்கப் போகிறவர் என்ன செய்வார்? 2025-ல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மற்ற 66 பேரை நிதி இருந்தால் பார்க்கலாம் என்று காக்க வைத்தார்கள். கடிதம் வராமல் கல்லூரி தொடங்கும் தேதி நெருங்கினால் அந்த மாணவர் மனம் என்ன பாடுபடும்! தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு வருடத்துக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். இதைப் பற்றி எங்க பக்கத்தில் கேட்டால் பத்துப் பேரில் ஒருத்தருக்குக்கூடத் தெரியவில்லை.

டிப்ளமாவை வைத்து நேராக முதுகலைக்குப் போக முடியாது. பட்டம் வேண்டும். நாம் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து மூன்று வருடத்தில் முடிக்கலாம். நான் மேலே சொன்ன இதழியல் படிப்புகளில் பலவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும், பி.இ. படித்தவரும் நிருபராகலாம். வெளிநாடுதான் போக வேண்டும் என்பதும் இல்லை. 1994-ல் பெங்களூரில் தொடங்கி 2000-ல் சென்னைக்கு வந்த ஆசிய இதழியல் கல்லூரிக்கு இலங்கை, நேபாளம், வங்கதேசத்திலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். அங்கேயும் உதவித்தொகை உண்டு. பி. சாய்நாத் ஒரு பத்திரிகையின் ஃபெலோஷிப் பணத்தில் வெளிநாடு போகாமல் நாட்டின் ஏழை மாவட்டங்களுக்குப் போனார். அதில் நம் புதுக்கோட்டையும் ராமநாதபுரமும் சேர்த்தி. அந்தக் கட்டுரைகள் 1996-ல் புத்தகமாக வந்தன. என்னைக் கேட்டால் அதுவும் ஒரு மேல்படிப்புதான்.

கடைசியாக ஒன்று. இந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இரண்டு பேரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். நாராயணனுக்கு லாஸ்கி கிடைத்தார். நமக்கு நம் ஆசிரியர்கள்தான். ஆனால் அறுபது பேர் வகுப்பில் நம்மை நம்பரால் மட்டும் தெரிந்த சார் என்ன எழுதுவார்? "ஒழுக்கமான மாணவர்" என்று ஒரு வரி எழுதுவார், அதற்கு வெளிநாட்டில் மதிப்பில்லை. ஆகவே இப்போதிருந்தே எழுதுவோம். கல்லூரி மலரில், சுவர்ப் பத்திரிகையில், உள்ளூர்ப் பக்கத்தில் வந்த ஒவ்வொன்றையும் தேதியோடு வெட்டி ஒரு ஃபைலில் வைப்போம். அதை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். என் ஃபைலில் இந்தக் கட்டுரை இரண்டாவது. முதலாவது, கோடியக்கரையில் சீசனுக்கு வெளியூரிலிருந்து வந்து தங்குகிற மீனவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எழுதியது.