ஜைரோபிளேன்: பறக்கும் முன் உருட்டப் பழகு



நான் இங்கிலாந்தில் வானூர்திப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் சித்தப்பா பசங்க கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, பிளேன் ஓட்டத் தெரியுமா?" என்பதுதான். பிளேனைப் பற்றிப் படிப்பது வேறு, ஓட்டுவது வேறு என்று விளக்கி விளக்கி அலுத்துப் போச்சு. போன வருடம் முதல் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளியில் ஜைரோபிளேன் ஓட்டப் பழகுகிறேன். வார இறுதியில் உணவகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த காசு. மாதம் ஒரு பாடம், முடிந்தால் இரண்டு.

அந்தப் பாடங்களில் தொடக்கப் பகுதியை மட்டும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். தரையில் உருட்டுவது, ரோட்டரைச் சுற்றவிடுவது, ஓடுபாதையில் சமநிலையோடு ஓடுவது, இறங்கியபின் நிற்பது. வானத்தைப் பற்றிக் குறைவாகத்தான் வரும். காரணம் இருக்கிறது. ஜைரோபிளேன் பழகுபவர்களுக்கு வரும் விபத்துகளில் பல, சக்கரம் தரையில் இருக்கும்போதே நடந்துவிடுகின்றன.

இது என்ன ஊர்தி?

பார்த்தவுடன் "குட்டி ஹெலிகாப்டர்" என்று சொல்லத் தோன்றும். தலைக்கு மேல் இரண்டு நீண்ட இறக்கைகள் சுற்றும். ஆனால் ஹெலிகாப்டரில் எஞ்சின்தான் அந்த இறக்கைகளைச் சுற்றுகிறது. ஜைரோபிளேனில் எஞ்சின், இருக்கைக்குப் பின்னால் உள்ள புரொப்பெல்லரைச் சுற்றி ஊர்தியை முன்னே தள்ளுகிறது. அவ்வளவுதான். பறக்கும்போது மேலே உள்ள ரோட்டர், கீழிருந்து மேலாக அதன் ஊடே புகும் காற்றால் தானாகவே சுற்றும்.

நம்ம ஊர்க் காட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. மெராந்தி மரத்தின் காயைப் பார்த்திருப்பீர்கள். இறகு முளைத்த அந்தக் காய் உதிரும்போது சுழன்று சுழன்று மெதுவாக இறங்கும். அதைச் சுற்றுவது எந்த எஞ்சின்? காற்று மட்டும்தான். ஜைரோபிளேனின் ரோட்டரும் அதே வேலையைச் செய்கிறது.

இதைச் செய்துகாட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டி லா சியர்வா. 1919ல் அவர் கட்டிய மூன்று எஞ்சின் விமானம் வேகம் குறைந்து, தூக்குவிசையை இழந்து விழுந்தது. வேகம் குறைந்தாலும் இப்படி விழாத ஒன்று வேண்டும் என்று ரோட்டர் பக்கம் திரும்பினார். முதல் மூன்று மாதிரிகள் சரிப்படவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தன. நான்காவதான சி.4, 1923 ஜனவரியில் மத்ரித் அருகே கெத்தாஃபே விமானத் தளத்தில் பறந்தது. 1928 செப்டம்பரில் இன்னொரு மாதிரியில் ஆங்கிலக் கால்வாயையே கடந்தார்.

பழைய ஜேம்ஸ் பாண்ட் படம் பார்ப்பவர்களுக்கு 1967ல் வந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' நினைவுக்கு வரலாம். அதில் வரும் 'லிட்டில் நெல்லி'யும் ஜைரோதான். அதை வடிவமைத்த கென் வாலிஸ்தான் படத்துக்காகப் பறந்தும் காட்டினார்.

முதல் பாடம்: உருட்டுவது

விமானிகள் பேச்சில் 'டாக்சி' என்றால் வாடகைக் கார் இல்லை. ஊர்தியைத் தரையில் உருட்டிக்கொண்டு போவது. என் முதல் சில பாடங்களில் பெரும்பகுதி இதுதான்.

எஞ்சினைத் தொடங்கும் முன்பே வேலை ஆரம்பம். இறக்கையைக் கட்டிவைத்த கயிற்றை அவிழ்த்தாச்சா? பின்னால் யாராவது நிற்கிறார்களா? புரொப்பெல்லர் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அது நம் கண்ணில் படாது. அதனால் திரும்பிப் பார்த்து, உரக்கக் குரல் கொடுத்து, ஒரு நொடி பொறுத்துத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

உருட்டும்போது ரோட்டர் சுற்றக் கூடாது. ரோட்டர் பிரேக்கைப் போட்டு, இரண்டு இறக்கைகளும் முன்னும் பின்னுமாக நிற்கும்படி வைத்துக்கொள்வோம். ஸ்டிக் முன்னால் இருக்கும். திருப்புவது காலால். பெடல் முன்சக்கரத்தோடும் வால் பக்கத்துச் சுக்கானோடும் இணைந்திருக்கும். வலது பெடலை மிதித்தால் வலது பக்கம் திரும்பும். கார் ஓட்டிப் பழகியவர்களின் கை ஸ்டியரிங்கைத் தேடும். அந்தப் பழக்கம் போகச் சில நாள் ஆகும்.

வேகம் எவ்வளவு? வேகமாக நடக்கும் ஒருவர் கூடவே வர முடிய வேண்டும். மேலே கம்பத்தின் உச்சியில் கனமான ரோட்டர் இருக்கிறது. கீழே மூன்றே சக்கரம். பாரம் உயரத்தில் இருக்கும் எதையும் வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும். மேடு பள்ளமான புல்தரையில் அந்த நீண்ட இறக்கைகள் மேலும் கீழும் குதிக்கும். நிறுத்தி வைத்திருக்கும் மற்ற விமானங்களுக்குப் பக்கத்தில் போகும்போது, நமது அகலம் சக்கரத்தோடு முடியவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். கணக்கு பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

நான் பழகும் ஊர்தியின் ரோட்டர் விட்டம் 8.4 மீட்டர். அது நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் இறக்கை நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 317 கி.மீ. நிமிடத்துக்கு 50 சுற்று மட்டும் என்றால் நுனி வேகம் 79 கி.மீ.

இப்போது ஊர்தி ஓடுபாதையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு பக்கத்து இறக்கை காற்றை எதிர்த்து முன்னே வருகிறது. அதற்கு 60ஐக் கூட்ட வேண்டும். மறுபக்கத்து இறக்கை காற்றோடு பின்னே போகிறது. அதற்கு 60ஐக் கழிக்க வேண்டும்.

ரோட்டர் 200ல் இருந்தால்: ஒரு பக்கம் 377, மறுபக்கம் 257.
ரோட்டர் 50ல் இருந்தால்: ஒரு பக்கம் 139, மறுபக்கம் வெறும் 19.

தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே முதல் நிலையில் நுனியில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 2 மடங்கு. இரண்டாவது நிலையில் 50 மடங்குக்கு மேல்! இரண்டு இறக்கைகளும் நடுவில் ஒரு போல்ட்டில், பிள்ளைகள் ஆடும் ஏற்றப் பலகை மாதிரி மேலும் கீழும் ஆட விடப்பட்டிருக்கும். 2 மடங்கு வித்தியாசத்தை அந்த ஆட்டமே சமன் செய்துவிடும். சியர்வா தன் சி.4ல் கண்ட தீர்வும் இறக்கையைக் கீலில் ஆட விடுவதுதான். 50 மடங்கை எந்தக் கீலும் தாங்காது. ஒரு இறக்கை மேலே எகிறும், மற்றது கீழே அடிக்கும். வாலையோ தரையையோ தொடும். ஊர்தி கவிழவும் செய்யும்.

எங்கள் பள்ளிக் கொட்டகைச் சுவரில் வளைந்துபோன ஓர் இறக்கையை மாட்டி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவரை முதலில் அதன் முன்னால்தான் நிறுத்துவார்கள். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். பார்த்தாலே போதும்.

ஆக விதி ஒன்றுதான்: ரோட்டர் தயாராகும் முன் ஊர்தி ஓடக் கூடாது.

வரிசைப்படி செய்

ஓடுபாதையில் காற்றை எதிர்த்து நேராக நிற்கிறோம். முன்சக்கரம் நேராக இருக்கிறது. சக்கர பிரேக்கைப் பிடித்திருக்கிறோம். பிறகு:

1. ரோட்டர் பிரேக்கை விடு.
2. ரோட்டரை எஞ்சினோடு தற்காலிகமாக இணைக்கும் பொத்தானை அழுத்து. தரையில் மட்டும், தொடக்கச் சுழற்சிக்காக மட்டும், இந்த உதவி உண்டு.
3. சுற்று 200ஐத் தொடும் வரை எஞ்சினை மெதுவாக ஏற்று.
4. பொத்தானை விடு. ஸ்டிக்கை மென்மையாக முழுக்கப் பின்னால் இழு. ரோட்டர் பின்னால் சாயும். எதிர்க்காற்று கீழிருந்து உள்ளே புகும்.
5. சக்கர பிரேக்கை விடு. த்ரோட்டிலைப் படிப்படியாகத் திற.

கடைசி வரியில் உள்ள 'படிப்படியாக' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். ஊர்தி ஓட ஓடக் காற்று ரோட்டரை இன்னும் வேகமாகச் சுற்றும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். த்ரோட்டிலைத் திடுக்கென்று திறந்தால் சக்கர வேகம் முந்திவிடும், ரோட்டர் பிந்திவிடும். மேலே போட்ட கணக்கு உடனே மோசமாகும். ஸ்டிக் கையில் படபடவென்று உதைத்தால் அதுதான் எச்சரிக்கை. அப்போது செய்ய வேண்டியது: த்ரோட்டிலை மூடு, ஸ்டிக்கை முன்னால் கொண்டு வா, நில். சமாளிச்சிடலாம் என்ற எண்ணமே வரக் கூடாது.

முன்சக்கரத்தைத் தூக்கி ஓடுவது

ரோட்டர் வேகம் ஏறியதும் மூக்கு தானாக மேலே எழும். அப்போது ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னே விட்டு, முன்சக்கரம் தரைக்குச் சற்று மேலே நிற்க, பின்சக்கரம் இரண்டில் மட்டும் ஓட வேண்டும். பறக்காமல் இதை மட்டுமே ஓடுபாதை நெடுகத் திரும்பத் திரும்பப் பழகுவோம்.

மலேசியாவில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜேபிஜே தேர்வில் ஒரு குறுகலான பலகை மேல் மெதுவாக ஓட்ட வேண்டும் இல்லையா? சக்கரத்தைக் குனிந்து பார்த்தவன் விழுவான். தூரத்தில் பார்வையை வைத்தவன் தாண்டிவிடுவான். இங்கேயும் அதேதான். கண் ஓடுபாதையின் கடைசியில். முழங்கை தொடையில் ஊன்றி இருக்கட்டும். ஸ்டிக்கை மூன்று விரலால் பிடித்தால் போதும்.

ஸ்டிக்கை அசைத்தால் முதலில் ரோட்டர் சாயும், அதன் பிறகுதான் உடல் வரும். இடையில் ஒரு சிறு தாமதம். அந்தத் தாமதத்தில் "இன்னும் வரலையே" என்று மேலும் இழுத்தால், இரண்டும் சேர்ந்து வரும். உடனே எதிர்ப்பக்கம் தள்ளுவோம். அதுவும் தாமதமாகச் சேர்ந்து வரும். ஊசல் பெரிதாகிக்கொண்டே போகும். என் பயிற்றுநர் இதற்கு ஒரே வரிதான் சொல்வார்: "கொஞ்சம் அசை, பொறு, பாரு."

வானத்திலும் இதே பழக்கம்தான் காப்பாற்றும். குறிப்பாக, ஸ்டிக்கை வெடுக்கென்று முன்னால் தள்ளவே கூடாது. கீழிருந்து வரும் காற்று நின்றால் ரோட்டரின் சுற்று குறையும். அதை மேலே போய்ச் சுற்றிவிட எஞ்சின் இணைப்பு கிடையாது.

160ல் நின்ற முள்

ஒரு பாடத்தில் நான் ஓடுபாதையில் நின்று ரோட்டரைச் சுற்றவிட்டேன். முள் 160 வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. வானொலியில், இறங்க வரும் ஒரு விமானத்தின் குரல் கேட்டது. எனக்குப் பின்னால் இன்னொருவர் காத்திருந்தார். இரண்டு வாரம் மழைக்குப் பிறகு கிடைத்த வெயில் நாள் அது. அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் எத்தனை தட்டு கழுவியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பயிற்றுநர் பின் இருக்கையில் வாயே திறக்கவில்லை. நான் முள்ளை மறுபடி பார்த்தேன். 160. த்ரோட்டிலைக் குறைத்தேன், பொத்தானை விட்டேன், ரோட்டர் அடங்கி நின்றதும் ஓடுபாதையைக் காலி செய்வதாக வானொலியில் சொன்னேன். நடக்கும் வேகத்தில் கொட்டகைக்குத் திரும்பினோம். இணைப்பை அழுத்திப் பிடிக்கும் காற்றழுத்தம் குறைந்திருந்ததாம். அன்றைக்குப் பாடம் இல்லை. பயிற்றுநர் தேநீர் போட்டுக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமைக்குத் தேதி குறித்தோம்.

200 என்ற எண் நான் தேர்ந்தெடுத்தது இல்லை, கையேட்டில் உள்ளது. என் அவசரம், பின்னால் நிற்பவரின் அவசரம், போட்ட காசு எதுவும் அந்த முள்ளுக்குத் தெரியாது. அதனால்தான் அதை நம்பலாம்.

இறங்கியாச்சு, ஆனால் முடியவில்லை

இறங்கும்போது பின்சக்கரங்கள் முதலில் தொட வேண்டும். முன்சக்கரம் தொடும் முன் பெடல் நேராக இருக்க வேண்டும். கோணலாகத் தொட்டால் ஊர்தி பக்கவாட்டில் இழுத்துவிடும். ஓட்டம் அடங்கும் வரை ஸ்டிக்கைப் பின்னால் வைத்திருந்து, பிறகு முன்னால் கொண்டுவந்து ரோட்டரைச் சமமாக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலருக்கும் மனசு தளரும். சக்கரம் நின்றாலும் தலைக்கு மேல் ரோட்டர் இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வேகமாகத் திரும்பினாலோ, பக்கக் காற்று அதன் அடியில் புகுந்தாலோ, நின்ற ஊர்தியே சாயும். ஆகவே ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கம் வைத்து, சுற்று குறையும் வரை காத்திருந்து, பிரேக் போட்டு, இறக்கை முன்பின்னாக நின்ற பிறகே கொட்டகை நோக்கி உருட்டலாம். "ரோட்டர் நிக்கிற வரைக்கும் நீ பறந்துக்கிட்டுதான் இருக்கே" என்பது எங்கள் பள்ளியில் எல்லோரும் சொல்வது.

பேசிப் பார்க்க

உங்கள் வட்டத்தில் கூடும்போது இந்த மூன்றையும் பேசிப் பாருங்கள்.

1. ரோட்டர் 100 சுற்றிலும், ஊர்தி 60 கி.மீ. வேகத்திலும் இருந்தால் இரண்டு பக்கத்து நுனி வேகம் என்ன? தூக்குவிசை வித்தியாசம் எத்தனை மடங்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
2. உங்கள் படிப்பிலோ வேலையிலோ '200ஐத் தொடாமல் கிளம்பாதே' என்பது போன்ற எல்லை எது? அதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறீர்களா?
3. பின்னால் ஆள் காத்திருக்கும்போது "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு எது உதவும்?

முதல் கேள்விக்குக் காகிதமும் பேனாவும் போதும். மற்ற இரண்டுக்கும் விடை ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் சேர்ந்து பேசச் சொல்கிறேன்.