கடல் கடந்த சிறுவனும் காணாமற்போன படமும்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களின் கதை நம் புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதன்று. மண்டபம் முகாம் வழியாகச் சென்றவர்களையும், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் திரும்பி வந்தவர்களையும் பற்றி நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலையாளத்தின் முதல் திரைப்படமும் இலங்கைக்குப் போன ஒரு பிள்ளையின் கதையே.

'விகதகுமாரன்' என்பது அதன் பெயர். காணாமற்போன மகன் என்று பொருள். எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல். தம் நிலத்தை விற்றே படமெடுத்தார். செல்வர் வீட்டுச் சிறுவனை ஒரு வஞ்சகன் இலங்கைக்குக் கடத்திச் செல்கிறான். அங்கே வெள்ளைக்காரர் தோட்டத்தில் அவன் கூலியாளாக வளர்கிறான். படம் ஊமைப்படம். இடையிடையே எழுத்துகள் தோன்றிக் கதையைச் சொல்லும்.

1930-ஐ ஒட்டித் திருவனந்தபுரம் காப்பிட்டல் கொட்டகையில் அது திரையிடப்பட்டது. நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி. அவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அதைப் பொறாத சிலர் திரையின்மேல் கல்லெறிந்தனர். ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. குடிபெயர்ந்தவனின் கதையில் நடித்தவரே குடிபெயர்ந்து, தமிழ்நாட்டில் யாருமறியாமல் வாழ்ந்தார்.

படச்சுருள் என்ன ஆயிற்று? அக்காலப் பிலிம் நைட்ரேட் கலந்தது, சட்டெனத் தீப்பற்றும். சிறுவயதில் அதன் நீலச் சுவாலையைக் கண்டு மகிழ்வதற்காகத் தாமே எரித்துவிட்டதாக டேனியலின் மகன் பிற்காலத்தில் சொன்னார். அவரை நொந்து பயனில்லை. இந்தியாவில் எடுத்த ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட ஊமைப்படங்களில் எஞ்சியவை மிகச் சிலவே. தமிழகத்து முதல் கதைப்படமான 'கீசக வதம்' கூட இன்றில்லை.

ஆனால் ஒரு படம் தப்பியது. டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ், சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைக் கொண்டு 1933-இல் 'மார்த்தாண்ட வர்மா'வை எடுத்தார். நாவலின் உரிமை தங்களுடையது என்று கமலாலயம் புத்தகசாலையார் வழக்குத் தொடுக்க, படம் பறிமுதலாயிற்று. சுருள்கள் அந்தப் புத்தகசாலையிலேயே கிடந்தன. வழக்காலும் ஒரு நன்மை! நாற்பதாண்டுக்குப் பின், 1974-இல், புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அவற்றை மீட்டது.

டேனியல் மறுவருடமே, 1975-இல், காலமானார். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரால் விருது வழங்குகிறது. ரோசி நடந்ததையோ சிரித்ததையோ காட்ட ஓரடிப் பிலிம்கூட மிஞ்சவில்லை.